கேளுங்க, மாமா சொல்றேன்!

டிசம்பர் 1 உலக எயிட்ஸ் தினம். அதனால் சினிமா, கிரிக்கெட், ராசிபலன் கேள்விகளுக்கெல்லாம் லீவு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வந்த 'அந்த விஷயக்' கடிதங்களை மட்டும் பிரித்தேன். பாதிக் கடிதங்கள் 'என் நண்பன் ஒருவன்' என்று ஆரம்பிக்கின்றன. நண்பர்கள் அனைவரும் சுகமா? சரி, தொடங்குவோம்.

கே: அட்டை கடித்தால் எச்.ஐ.வி. வருமா? மலையில் ஒரே அட்டை நாலு பேர் காலை ருசி பார்க்கிறது.
– கொழுந்துக்காரி, ரக்வானை

ப: வராது. வயிறு முட்டக் குடித்த அட்டை வாரக்கணக்கில் சுருண்டு கிடக்கும். உங்கள் காலை விட்டு இறங்கியதும் அடுத்த நிரையில் பந்திக்கு உட்காராது. நுளம்பு வயிற்றிலும் இந்த வைரஸ் பிழைக்காது. இரத்தினபுரியில் நீங்கள் பயப்பட வேண்டிய நாலுகால் பிராணி எலி. அது கொடுப்பது எலிக்காய்ச்சல். எச்.ஐ.வி. கொடுப்பது இரண்டுகால் பிராணி.

கே: எங்கள் லயத்துக்கே ஒரு பீலி, ஒரு கக்கூஸ். நோய் உள்ளவர் அங்கே குளித்தால்?
– பெயர் வேண்டாம், நிவித்திகலை

ப: குளித்தால் சுத்தமாவார். இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால். வைரஸ் பயணம் செய்யும் முக்கிய வண்டிகள் இவைதாம். சோப்பிலும் தேத்தண்ணிக் கோப்பையிலும் அதற்கு டிக்கெட் கிடையாது. பீலிக்கரையில் பரவுவது வதந்தி. அதற்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

கே: எச்.ஐ.வி. வேறு, எயிட்ஸ் வேறா?
– ஓ.எல். மாணவன், கேகாலை

ப: நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மலையில் வெடிப்பு விழுவது எச்.ஐ.வி. மண் சரிந்து வருவது எயிட்ஸ். வெடிப்பைக் கண்டவுடனே மாத்திரையைத் தொடங்கினால் மண் சரியாது. வெடிப்பின் மேல் பாயைப் போட்டுப் படுப்பவர்களுக்குத்தான் பிரச்சினை.

கே: இது எப்போது நம் பக்கம் வந்து சேர்ந்தது?
– ஓய்வுபெற்ற வாத்தியார், பலாங்கொடை

ப: 1986இல் இலங்கையில் ஒரு வெளிநாட்டவரிடம் கண்டார்கள். 1987இல் முதல் இலங்கையர். அதே 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த நிர்மலா செய்ததைக் கேளுங்கள். எடுத்த இரத்த மாதிரிகளை வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சென்னையில் பரிசோதிக்க வசதியில்லாமல் ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டு போனார். நம் வீட்டு ஃபிரிட்ஜில் மாமியார் வைத்த மீன்குழம்புக்கே இடம் பத்தாது என்று சண்டை.

கே: என் மகள் குவைத்தில். 13 வயதுப் பேத்தியும் 15 வயதுப் பேரனும் என் பொறுப்பு. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பேத்திதான் இதை எழுதுகிறாள். இந்தப் பிள்ளைகளிடம் நான் எப்படி இதையெல்லாம் பேசுவேன்?
– ஓர் அம்மாயி, தெரணியகலை

ப: பாதி பேசிவிட்டீர்கள், அம்மாயி. கடிதத்தை எழுதியது யார்?

வாசிக்கத் தெரியாதது குறையே இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் துண்டுப்பிரசுரத்தை நாலாக மடித்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேத்திக்குப் பேன் பார்ப்பீர்கள் அல்லவா? அதைவிட நல்ல வகுப்பறை உலகத்தில் இல்லை. அவள் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது. யார் யாரிடம் வெட்கப்படுவது? தலை வேறு உங்கள் பிடியில், எழுந்து ஓடவும் முடியாது.

ஈரைக் குத்திக்கொண்டே சொல்லுங்கள்: "யாராச்சும் உன்னைத் தொட்டாலோ, தொடச் சொன்னாலோ, எதையாச்சும் குடுத்து யாருக்கும் சொல்லாதேன்னாலோ, மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. நான் அடிக்க மாட்டேன்." கடைசி மூன்று சொல்தான் மருந்து. மீதியெல்லாம் தேன்.

பேரனுக்குப் பேன் கிடையாதே என்கிறீர்களா? விறகுக்குப் போகும்போது கூட்டிப் போங்கள். பொடியன்களை உட்கார வைத்தால் ஊமை. நடக்க விட்டால் வாய் திறக்கும்.

கே: பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் படுக்கிறோம். சுவர் கூரை வரைக்கும் போகாது. இரகசியம் எங்கே பேசுவது?
– மேல்கணக்கு வாசி, காவத்தை

ப: வெள்ளைக்காரன் லயம் கட்டியபோது உங்களுக்கு இரகசியம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அதனால் வாசலுக்கு வெளியே பேசுங்கள். பஸ் ஹோல்ட் வரை நடக்கிற அரை மணி நேரம் இருக்கிறதே, அது யாருக்கும் சொந்தமில்லாத காம்பரா.

கே: இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப் போகமாட்டார்களா?
– பால் வெட்டும் அப்பா, எட்டியாந்தோட்டை

ப: குடையைப் பற்றிப் பேசினால் மழை வருமா? அப்படியானால் மழைக்குப் பால்வெட்டு நிற்கிற உங்கள் ஊரில் எல்லோரும் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்களே.

யுனெஸ்கோ 2018இல் புதுப்பித்து வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியில் உலகத்து ஆய்வுகளைச் சலித்துப் பார்த்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்ததால் எந்த ஊர்ப் பிள்ளையும் அவசரப்படவில்லை. பல இடங்களில் நிதானித்தார்கள்.

கே: முத்தம் கொடுத்தால்?
– ஆவலுள்ளவன், குருவிட்டை

ப: எச்.ஐ.வி. வராது. அவளுடைய அண்ணன் வருவான்.

கே: அடியாத மாடு படியாது. என் மகனை நான் அடித்துத்தான் வளர்க்கிறேன். இதில் எயிட்ஸ் எங்கே வந்தது?
– கறாரான தகப்பன், பெல்மதுளை

ப: பழமொழி மாட்டைப் பற்றியது. உங்கள் மகனுக்கு வால் இருந்தால் தொடருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 'சினோவுயோ' என்று ஒரு திட்டம். ஆய்வுக்கு 40 ஊர்கள், 552 குடும்பங்கள். அதில் பாதி ஊர்களில் 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் சேர்த்து உட்கார வைத்து 14 வாரம் பேசிப் பழக்கினார்கள். எச்.ஐ.வி. வாட்டிப் போட்ட பூமி அது. பெற்றவர்கள் போய்ப் பாட்டிமார் வளர்க்கும் பிள்ளைகள் ஏராளம். வகுப்பில் சொல்லிக் கொடுத்தது என்ன தெரியுமா? பிள்ளையைப் பாராட்டுவது எப்படி, கோபம் வந்தால் கையைக் கட்டிக்கொள்வது எப்படி, சில்லறையைச் சேர்ப்பது எப்படி, வெளியே ஆபத்து வந்தால் என்ன செய்வது.

2018இல் முடிவு வந்தது. அடி உதை குறைந்தது. பிள்ளைகளும் பெரியவர்களும் குடியும் போதையும் குறைத்தார்கள். கையில் கொஞ்சம் காசும் மிஞ்சியது. அந்த ஆய்வு எச்.ஐ.வி. தொற்றை எண்ணவில்லை, அதற்குப் போகிற பாதையைத்தான் அளந்தது. பாதை உங்கள் வாசலில் ஆரம்பிக்கிறது, ஐயா. அடிக்குப் பயந்த பிள்ளை வீட்டைவிட்டு எங்கே ஒதுங்குகிறதோ அங்கேதான் மற்றதெல்லாம் நடக்கும்.

கே: சினோவுயோ என்றால் என்ன அர்த்தம்?
– சொல்லாராய்ச்சியாளர், றுவான்வெல்லை

ப: அவர்களுடைய கோசா மொழியில் 'எங்களுக்கு மகிழ்ச்சி இருக்கிறது' என்று பொருள். நம் நாட்டில் 1973இல் குடும்பத் திட்டச் சங்கம் விற்பனைக்கு விட்ட ஆணுறைக்குப் பெயர் 'பிரீத்தி'. அதற்கும் அர்த்தம் மகிழ்ச்சிதான். இரண்டு கண்டத்துக்காரர்களும் ஒரே சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். நாம் மட்டும் இந்தப் பேச்சை எடுத்தாலே இழவு வீட்டு முகம்.

கே: நாங்கள் வெட்டும் இரப்பர் பாலில்தான் ஆணுறை செய்கிறார்களாமே?
– கேலி அல்ல, தெஹியோவிட்டை

ப: கேலியே இல்லை. உற்பத்தி கேகாலை மாவட்டம், உபயோகம் வெளிமாவட்டம் என்று நடக்கிறது. ஒரு தொழில் இரகசியம்: தேங்காய் எண்ணெய் பட்டால் இரப்பர் உறை நைந்து கிழியும். எண்ணெய் தலைக்கு மட்டும்.

கே: கடையில் ஆணுறை கேட்டால் பேப்பரில் சுற்றித் தருகிறார்களே, ஏன்?
– வாடிக்கையாளர், இரத்தினபுரி

ப: இங்கே பேப்பர் சுற்றி விற்கும் பண்டங்கள் இரண்டு. ஒன்று அது. மற்றது பெண்பிள்ளைகளின் மாதாந்தப் பஞ்சு. சாராயப் போத்தலை யாரும் சுற்றுவதில்லை. நம் வெட்கத்துக்கு முகவரி மாறிப் போய்விட்டது.

கே: கடைக்கார அண்ணன் என் பேத்தி போனுக்கு வாராவாரம் ரீலோட் போடுகிறார். கொத்து ரொட்டியும் வாங்கித் தருகிறார். தங்கமான மனுசன்.
– இன்னோர் அம்மாயி, எகலியகொடை

ப: உங்கள் போனுக்கும் போடுகிறாரா? இல்லையென்றால் தங்கம் இல்லை.

16 வயதுக்குக் கீழே பிள்ளை 'சரி' என்று சொன்னாலும் சட்டத்துக்கு அது 'சரி' இல்லை. 1995இல் தண்டனைக் கோவையைத் திருத்தி அந்த வயதை 12இலிருந்து 16 ஆக்கினார்கள். பேத்தியைத் திட்டாதீர்கள், அவள் வாயை அடைத்துவிடும். "ஏன் குடுக்கிறாரு, பதிலுக்கு என்ன கேட்கிறாரு?" என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் ஒரு மாதிரியாக இருந்தால் 1929க்கு ஒரு கோல். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். அதற்கு ரீலோட் தேவையில்லை, இலவசம்.

கே: அரசாங்கம் தரும் அஸ்வெசும உதவிக்காசுக்கும் எயிட்ஸுக்கும் முடிச்சுப் போடுகிறார் எங்கள் தொண்டு நிறுவனத்து அக்கா. தலை சுற்றுகிறது.
– பயனாளி, பலாங்கொடை

ப: அக்கா சரியாகத்தான் முடிந்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிக்காசு தருகிறது. அந்தக் காசு போன வீடுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள், வயதில் மூத்த ஆண்களிடம் பொருளுக்காகச் சிக்குவது குறைந்திருந்தது. 2013இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. சப்பாத்து வாங்க வீட்டில் காசிருந்தால் கடைக்கார அண்ணனின் தங்கம் பித்தளையாகத் தெரியும்.

கே: வெளிநாட்டுக்குப் போகும் தாய்க்கு ஆயிரம் விதி போடுகிறார்களே?
– போகக் காத்திருப்பவள், குருவிட்டை

ப: 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று கொண்டு வந்தார்கள், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகமுடியாது என்றார்கள். 2022இல் பொருளாதாரம் படுத்ததும் அந்த 5 வயது 2 ஆகிவிட்டது. டொலர் குறைந்தால் பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பால்மா யார் கரைப்பது என்று யோசிக்கிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான் ஆள் தேவை. போகுமுன் ஒருவரை நியமித்துவிட்டுப் போங்கள். "எனக்குச் சொல்ல முடியாததை இவுங்ககிட்ட சொல்லு" என்று பிள்ளையின் கையைப் பிடித்து அவர் கையில் கொடுங்கள். சாவியை மட்டும் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

கே: நான் ஆம்பிளை. மனைவி ஜோர்தானில். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். நான் பேசுவது முறையா?
– தனித்த தகப்பன், நிவித்திகலை

ப: மண்டபம் பிடித்து, ஸ்பீக்கர் கட்டி, முழுத் தோட்டத்துக்கும் சாப்பாடு போட்டு 'மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள்' என்று அறிவித்தீர்களே, அப்போது முறை பார்த்தீர்களா? ஊருக்கே ஸ்பீக்கரில் சொன்னதைப் பிள்ளைக்குக் காதோடு ஒரு வார்த்தை விளக்கவில்லை.

உங்களுக்கு வாய் வரவில்லையென்றால் அத்தை இருக்கிறார். அத்தை என்ற பதவியை முன்னோர் சீர்த்தட்டு தூக்க மட்டுமா வைத்தார்கள்? ஆனால் ஒன்றை நீங்களே சொல்ல வேண்டும்: எந்த நேரம் எங்கே மாட்டிக்கொண்டாலும் அப்பாவுக்குக் கோல் எடு, கேள்வி கேட்காமல் வந்து கூட்டிப் போவேன். இதற்கு அத்தை வேண்டாம், த்ரீவீல் போதும்.

கே: மகன் போனில் அசிங்கம் பார்க்கிறான். பிடுங்கிவிடவா?
– கொதிக்கும் தாய், காவத்தை

ப: பிடுங்கினால் அடுத்த காம்பராப் பொடியனின் போன். அதையும் பிடுங்கினால் அடுத்த லயம். வாத்தியார் ஏற்கெனவே வகுப்பெடுத்துவிட்டார், அதுவும் தப்புத் தப்பாக. உங்கள் வேலை விடைத்தாள் திருத்துவது. "அது சினிமாடா, யாரும் யாரையும் அங்கே சம்மதம் கேட்கிறதில்லை, உறை போடுறதில்லை" என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டுச் சாப்பாடு போடுங்கள். அன்றைக்கு அவன் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டான், பரவாயில்லை.

கே: பாடப்புத்தகத்தில் அந்தப் பாடம் வந்ததும் டீச்சர் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டில் கேட்டால் "டீச்சரிடம் கேள்" என்கிறார்கள்.
– நடுவில் நிற்பவள், பத்தாம் வகுப்பு

ப: அதனால்தான் மகளே நீ எனக்கு எழுதுகிறாய், நானோ உன் வீட்டாரையும் டீச்சரையும் நோக்கி எழுதுகிறேன். பந்து சுற்றுகிறது, யாரும் பிடிப்பதில்லை. உங்கள் மிட்வைஃப் மிஸ் இருக்கிறாரே, அவர் கைக்குழந்தைகளுக்கு மட்டுமான ஆள் இல்லை. தங்கச்சிக்கு ஊசி போடும் நாளில் ஓரமாக நின்று கேட்டுப் பார். கேள்வி கேட்டதற்காக மிஸ்மார் பயந்ததாகச் சரித்திரம் இல்லை.

கே: மகன் மாணிக்கக் குழியில் வேலை. கல் கிடைத்துப் பங்கு கைக்கு வந்தால் மூன்று நாள் ஆளைக் காணோம்.
– கவலைக்காரி, பெல்மதுளை

ப: குழிக்குள் இறங்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜாக்கிரதையாக இறங்குகிறான். மேலே ஏறியதும்தான் விழுகிறான். திட்டினால் மூன்று நாள் ஆறு நாளாகும். பர்சில் இரண்டு உறை வைத்துவிடுங்கள். "வீணாப் போனாலும் பரவாயில்ல, நீ வீணாப் போயிறாத" என்று ஒரு வரி. அவன் கூச்சத்தில் சாகட்டும், வேறெதிலும் வேண்டாம்.

கே: என் நண்பன் ஒருவன் முந்தாநாள் ஒரு தவறு செய்துவிட்டான். நாளைக்குப் பரிசோதித்தால் தெரியுமா?
– நண்பனின் நண்பன், இரத்தினபுரி

ப: தெரியாது. பரிசோதனையில் தென்பட வாரங்கள் ஆகும். ஆனால் உங்கள் நண்பன் இதைப் படிக்கும் நேரத்தில் பாலியல் நோய் கிளினிக்குக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஆபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விழுங்கினால் தொற்றைத் தடுக்கும் மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பலாத்காரத்துக்கு ஆளான பிள்ளைக்கும் இதே கணக்கு. மானம், ஊர், சொந்தம் என்று யோசிக்கும் வீடுகள் இந்த 72 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். 72 மணி நேரம் கொடுத்திருப்பது 72 பேரிடம் யோசனை கேட்பதற்கல்ல.

கே: இணையத்தில் கேட்டால் பரிசோதனைக் கருவி வீட்டுக்கே வருமாமே?
– நவீனன், எகலியகொடை

ப: தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தார் 'நோ ஃபோ ஷுவர்' என்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளும் கருவி அதில் கேட்கலாம். கொழும்பு மாடிவீட்டுக்காரருக்கு அருமை. நம் லயத்துக்கு வீட்டு இலக்கமே கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபிஸுக்குப் போய், கிளார்க் கையால் கங்காணி கையேறி, பெரட்டுக்களத்தைச் சுற்றித்தான் வரும். பொட்டலம் வந்து சேர்வதற்குள் முடிவையும் ஊரே சொல்லிவிடும். கிளினிக்குக்கு நடப்பதே இரகசியம்.

கே: கிளினிக்கில் எல்லாப் படிவமும் சிங்களத்தில். என்னத்தைப் புரிந்து கையெழுத்துப் போடுவது?
– அரைகுறைச் சிங்களம், கேகாலை

ப: நானும் ஓர் இடத்தில் (எந்த இடம் என்று கேட்கக் கூடாது) கைக்கு வந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, கடைசியில் அது வருகைப் பதிவேடு என்று தெரிந்துகொண்டேன். தமிழும் ஆட்சிமொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். முதல் இலங்கையரிடம் எச்.ஐ.வி. கண்டதும் 1987இல். இரண்டில் எது நாடெங்கும் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? 'தமிழில் விளக்குங்கள்' என்று கேட்பது உங்கள் உரிமை. வெட்கப்படாமல் கேளுங்கள், வெட்கம் அவர்களுக்கு வரட்டும்.

கே: கணவர் கொழும்பில் கடை வேலை. மாதம் ஒருமுறை வருகிறார். பரிசோதிக்கச் சொன்னால் சந்தேகப்படுகிறாய் என்பார்.
– மூன்று பிள்ளைத் தாய், தெரணியகலை

ப: மூன்று பிள்ளையா? அப்படியானால் உங்களுக்கு மூன்று முறை பார்த்திருப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பார்ப்பது இங்கே வழமை. பிள்ளை உண்டாக இருவர் வேண்டும், ஊசி குத்த மட்டும் ஒருவர் போதும் என்று யார் கணக்குப் போட்டார்களோ. அவரிடம் சண்டைக்குப் போகாமல், "நான் மூணு தரம் பாஸ், நீங்க இன்னும் பரீட்சைக்கே போகலையே" என்று சொல்லிப் பாருங்கள். ஆம்பிளைகளுக்கு ஃபெயில் என்றால்தான் கோபம், வராதவர் என்றால் ரோஷம்.

கே: தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வருமா?
– முதல் பிள்ளைக்காரி, றுவான்வெல்லை

ப: மருந்தை ஒழுங்காக எடுத்தால் அநேகமாக வராது என்று சொல்லும் அளவுக்கு நாடு முன்னேறிவிட்டது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. 1996 உலகக் கோப்பைக்கு வெடித்த பட்டாசு இன்னும் காதில் கேட்கிறது. 2019க்கு ஒரு கம்பி மத்தாப்பு? மிட்வைஃப் மிஸ்மார் மட்டை பிடித்திருந்தால் கொளுத்தியிருப்போம்.

கே: தொற்று உள்ளவரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா?
– காதலன், குருவிட்டை

ப: முடியும். மாத்திரையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவில் தொற்றாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற ஜோடிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். உறையில்லாமல் சுமார் 58,000 முறை. துணையிடமிருந்து துணைக்குத் தொற்றியது பூஜ்யம். 2016இல் வெளிவந்த கணக்கு. எண்ணியவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு. மாத்திரை நம் அரச கிளினிக்கில் இலவசம்.

கே: திருவிழாவில் அலகு குத்துகிறோம். ஆபத்தா?
– காவடிக்காரன், ரக்வானை

ப: ஒரே அலகு நாலு நாக்குக்குப் போனால் ஆபத்து. முருகனுக்கு ஒரு வேல் போதும், பக்தர்களுக்கு ஆளுக்கொன்று. காதுகுத்து ஊசிக்கும் சலூன் பிளேட்டுக்கும் இதே சட்டம்.

கே: ஒரு சாமியார் 41 நாளில் எயிட்ஸைக் குணமாக்குகிறாராம்.
– நம்பிக்கையாளன், காவத்தை

ப: வைரஸைக் கண்டுபிடித்ததற்கே இரண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உங்கள் சாமியாரை விமானத்தில் ஏற்றி ஸ்டொக்ஹோமுக்கு அனுப்புங்கள். திரும்பி வரும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கே: அப்பா எயிட்ஸில் இறந்தார் என்று ஊர் பேசுகிறது. அந்தப் பிள்ளையை எங்கள் பாடசாலையில் தனியாக உட்கார வைக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டம் போடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– அபிவிருத்திச் சங்க உறுப்பினர், பலாங்கொடை

ப: கூட்டத்தில் எழுந்து குளியாப்பிட்டி கதையைச் சொல்லுங்கள். இதே போல வதந்தி, இதே போல ஒரு சின்னப் பையன். பரிசோதித்தார்கள்; அவனுக்குத் தொற்றே இல்லை. அதைச் சொன்ன பிறகும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். உயர் நீதிமன்றம் வரை போனது. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வி உரிமையைக் காப்பது அரசின் கடமை என்று 2016 ஏப்ரலில் தீர்ப்பானது. கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. பையனின் பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. ஊருடையதுதான் மோசம்.

கே: எனக்கு 17 வயது. எனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் வெட்டிப் போடுவார். கிளினிக்குக்குப் போனால் பொலிஸில் கொடுப்பார்களா?
– பெயரும் ஊரும் வேண்டாம்

ப: கொடுக்கமாட்டார்கள், தம்பி. உன்னைப் போன்றவர்களைப் பார்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. இளைஞர்களிடையே தொற்று கூடி வருவதால் நீ போவதைத்தான் அவர்கள் விரும்புவார்கள். சட்டத்தில் ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கும் அந்தப் பழைய பிரிவு இன்னும் இருக்கிறது. 1883 தண்டனைக் கோவை, தேயிலையைப் போலவே வெள்ளைக்காரன் நட்டது. தேயிலையாவது கொழுந்து தருகிறது.

அப்பாவிடம் இப்போதே சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டில் யாராவது ஒருவர் கோபப்படாமல் கேட்பவராக இருந்தால் அவரிடம் முதலில் சொல். இதைப் படிக்கும் அப்பாமாருக்கு: மகனை விரட்டினால் அவன் பிழைப்பான், ஆனால் எங்கே, யாருடன், எந்த நிலையில் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் கதவைத் திறந்து வையுங்கள்.

கே: இலங்கையில் இது ரொம்பக் குறைவுதானே, எதற்கு இவ்வளவு அமளி?
– சமாதானி, கேகாலை

ப: வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவுதான். ஆனால் 2022இல் புதிதாகக் கண்டறிந்தவர்கள் 607, அடுத்த ஆண்டு 694. கூடுதலாகப் பரிசோதித்ததும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவும் ஒரு காலத்தில் 'ரொம்பக் குறைவு' என்ற வரிசையில்தான் நின்றது. அங்கே பாட்டிமார் பேசப் பழகியது பிள்ளைகளைப் புதைத்த பிறகு. நமக்கு முன்னாலேயே பழக ஒரு வாய்ப்பு.

கே: ஊருக்கு உபதேசம் செய்யும் மாமா, நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா?
– குறும்பன், எட்டியாந்தோட்டை

ப: செய்தேன். ஒரு விரலில் ஒரு குத்து, கொஞ்ச நேரம் காத்திருப்பு. அந்தக் கொஞ்ச நேரத்தில் பழைய பாவங்கள் எல்லாம் வரிசையில் வந்து பெரட்டுக்கு நின்றன. முடிவு நல்லது. வெளியே வந்தால் வாசலில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர். "இங்க என்ன மாமா?" என்றார். "சீனி பார்க்க வந்தேன்" என்றேன், கூசாமல். "நானும் சீனிதான் மாமா" என்று உள்ளே போனார்.

பாலியல் நோய் கிளினிக் இரத்தினபுரியிலும் உண்டு, கேகாலையிலும் உண்டு. பரிசோதனை இலவசம், இரகசியம் காப்பார்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929, ராத்திரி பகல் எந்த நேரமும்.